டாக்டருக்கு அம்மை போட்ட கோடை

என் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியது நான் இல்லை. காலையில் காய்ச்சலோடு எழுந்து கதவைத் திறந்தால், நிலையின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பறித்தது போலிருக்கிறது, காம்பில் ஈரம் கூடக் காயவில்லை.

நெற்றியில் ஒரே ஒரு கொப்புளம் முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருந்தது. அதைப் பார்த்தவர் நர்ஸ் ஜெபக்கனி அக்கா மட்டுமே. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

"நான் யாருட்டயும் சொல்லல டாக்டர்" என்றார் அக்கா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. "பால்காரிகிட்ட மட்டும் சொன்னேன். அவ பாட்டுக்கு உள்ள வந்துரக் கூடாதுல்லா?"

பால்காரியிடம் மட்டும் சொல்வது என்றால் என்ன என்று கிராமத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக ஒலிபெருக்கி வைத்திருக்கலாம்.

அம்மை ஒரு நோய், அதற்கும் அம்மனுக்கும் சம்பந்தமில்லை என்று தெருத் தெருவாகப் போய்த் தொண்டை வரளப் பேசியவள் நான். எனக்கே அம்மை போட்டது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

கயிறு கட்டிய ஊர்

தொண்ணூறுகளின் தொடக்கமா, நடுவா என்று வருஷம் கேட்காதீர்கள். படித்து முடித்து, பாளையங்கோட்டையை விட்டு முதல் முதலாக வேலைக்குப் போன இடம். ஆழ்வார்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஓர் ஊர், அதில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் வருகிறவர்களின் பேரப்பிள்ளைகள் தினமும் எனக்கு ரோஜாப்பூப் படம் போட்டு வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்புகிறார்கள். திட்டிக்கொண்டேதான் பார்க்கிறேன், ஆனால் நின்றுபோனால் வருத்தமாக இருக்கும்.

அந்தப் பங்குனியில் சின்னம்மை வந்தது. முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, அப்புறம் அவர்களுடைய அம்மாக்களுக்கு. வீட்டுக்கு வீடு வேப்பிலை ஏறியதும் ஊர்க்கூட்டம் போட்டு, ஊரைக் கட்டிவிட்டார்கள்.

வாய்க்கால் பாலத்தில் குறுக்கே ஒரு தேங்காய் நார்க் கயிறு. அதில் வரிசையாக வேப்பங்குழை. உள்ளே இருப்பவர்கள் வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே வரக் கூடாது. கடைசி வீட்டிலும் அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் இதுதான் சட்டம். கடுகு தாளிக்கக் கூடாது. கல்யாணம் காட்சி கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல், ஹாரன் அடித்துக்கொண்டே பறந்துவிடும்.

கொரோனா சமயத்தில் என் மகள், "உலகத்திலேயே இப்படி ஊரை அடைச்சது இதுதான்மா முதல் தடவை" என்று போனில் புலம்பினாள். போடி, நாங்கள் போலீஸ் இல்லாமல், அபராதம் இல்லாமல், ஒரு முழக் கயிற்றை வைத்துச் செய்திருக்கிறோம் என்றேன். அவள் நம்பவில்லை. இந்தத் தொடரை அவள் படிக்கிறாள், அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அந்தச் சட்டத்தில் பாதி என் பாடப்புத்தகத்திலும் இருந்தது. நோய் கண்டவரைத் தனியாக வை, கூட்டம் கூட்டாதே, துணிமணியைத் தனியாக அலசு. மீதிப் பாதிதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அம்மை இருக்கிற ஊரில் மருந்தும் கூடாது, ஆஸ்பத்திரிக்கும் போகக் கூடாது. போனால் ஆத்தாளை அவமதித்ததாம்.

அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிற எங்கள் கம்பவுண்டரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுபோனார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சுகாதார நிலையத்தில் நானும் ஜெபக்கனி அக்காவும் மட்டும் மிஞ்சினோம். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. எனக்கு வந்ததில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அம்மா

வராததற்குக் காரணம் என் அம்மா. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தெருவில் எவர் வீட்டிலாவது வேப்பிலையைப் பார்த்தால் போதும், என்னை இழுத்துக்கொண்டு நாங்குநேரிக்குச் சித்தி வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே வேப்பிலை தெரிந்தால் திரும்பவும் பாளையங்கோட்டை. இப்படி ஓடி ஓடிக் காப்பாற்றிய பெண்ணை, அரசாங்கம் சம்பளம் கொடுத்து அம்மைக்கு நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டது என்பது அவளுடைய தீராத குறை.

செய்தி கேட்டதும் பஸ் ஏறி வந்துவிட்டாள். பஸ் நிற்காது என்பதால் முந்தின ஊரில் இறங்கி, வெயிலில் நடந்து, தூக்குச்சட்டியோடு கயிறு வரைக்கும் வந்து நின்றாள். ஊர்க்காரர்கள் உள்ளே விடவில்லை. என் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் வாய்க்கால் ஓடியது. அம்மா அக்கரையில் வந்து நின்றுகொண்டாள். நான் இக்கரையில், ஜன்னலுக்கு உள்ளே. நடுவில் யாருடைய எருமைகளோ படுத்திருந்தன.

"ஏட்டி, சொறியாத! தழும்பாயிரும். பொறவு எவன் வந்து உன்னப் பொண்ணு பாப்பான்?"

வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எம்.பி.பி.எஸ். முடித்து, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டி, ஒரு வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த மரியாதை அந்த வாய்க்காலோடு போயிற்று.

தூக்குச்சட்டியில் கொண்டுவந்த தேங்காய்ப்பால் சொதியை அம்மா அங்கேயே ஒரு மர நிழலில் உட்கார்ந்து, என் கண் முன்னாலேயே சாப்பிட்டாள். கெட்டுப்போய்விடுமாம். எனக்கு அன்றைக்குக் கேப்பைக் கூழ்.

காப்பி கேட்ட ஆத்தா

போன மரியாதை வேறு வழியாகத் திரும்பி வந்தது.

அம்மை கண்டவரை அந்த ஊரில் நோயாளி என்று யாரும் சொல்வதில்லை. உடம்பில் ஆத்தாள் இறங்கியிருக்கிறாள், கொப்புளங்கள் அவள் போட்டிருக்கிற முத்துகள். அப்படிப்பட்டவரை அதட்டக் கூடாது. அதைவிட முக்கியம், அவர் கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது. கேட்பது அவர் இல்லை, ஆத்தாள். இந்தச் சலுகையை வைத்து வடக்குத் தெருவில் ஒரு வாண்டு புதுச் சைக்கிளுக்கே வாக்கு வாங்கிவிட்டான்.

ஆத்தாளே ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அங்கே வருவது குற்றமில்லை என்று ஊர் முடிவு செய்துகொண்டது. நான் முன்பக்க ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, உள்ளேயிருந்தே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரிக்கும் என் குவார்ட்டர்ஸுக்கும் பொதுவான முற்றத்தில், பூவரச மரத்தடியில் ஜெபக்கனி அக்கா நோயாளியைப் பரிசோதித்துச் சத்தமாகச் சொல்வார். நான் மருந்தைச் சொல்வேன். அம்மை ஏற்கெனவே வந்து போனவர்கள் மட்டும் ஜன்னல் பக்கம் வரலாம். மற்றவர்கள் மரத்தோடு சரி.

ஒரு வாரத்துக்கு முன்னால், "ஊசி போடாம என்ன டாக்டரு?" என்று சண்டைக்கு வந்தவர்கள் இப்போது தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டு வந்தார்கள். நுங்கு, பதநீர், இளநீர் என்று ஜன்னல் கட்டை நிறைந்தது. எனக்குத்தான் நாக்கு செத்துப் போயிருந்தது. ஒருநாள் வாய் தவறி, "ஒரு வாய் காப்பி கிடைச்சா நல்லா இருக்கும்" என்றேன்.

மரத்தடியில் பெரிய விவாதம் நடந்தது. காப்பி சூடு, அம்மைக்கு ஆகாது என்றது ஒரு கட்சி. கேட்டதைக் கொடுக்காமல் இருக்க நாம் யார் என்றது இன்னொன்று. ஆத்தாள் காப்பி குடிப்பாளா என்று ஒருவர் அடிப்படையான சந்தேகம் எழுப்பினார். கடைசியில் கருப்பட்டிக் காப்பி என்று முடிவாகி, ஒரு செம்பு நிறைய வந்தது. ஜெபக்கனி அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் மருந்து அறைக்குள் ஓடிவிட்டார். நான் காப்பியை விடவில்லை, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

கோமதியின் கால்கள்

இப்போது கோமதிக்கு வருகிறேன். இந்த அத்தியாயமே அவளுக்காகத்தான்.

கோமதிக்குத் தலைப்பிரசவம், மாதம் நிறைந்துகொண்டிருந்தது. புருஷன் புனலூரில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. கயிறு கட்டியபோது அங்கேயே மாட்டிக்கொண்டான். வீட்டில் மாமியார் ஆவுடையம்மாள் வைத்ததுதான் சட்டம். ஆவுடையம்மாள் தொழுவத்தில் மாட்டை அதட்டினால் ஆஸ்பத்திரியில் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். அப்படிக் குரல்.

கோமதியின் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கால் வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று நான் நல்ல முறையில் சொன்னேன், கெட்ட முறையிலும் சொன்னேன். கயிறு கட்டுவதற்கு முன்னால், "எங்க வீட்ல எல்லாம் வீட்லதான் பெத்தோம்" என்றார் ஆவுடையம்மாள். கட்டிய பிறகு, "ஊரு கட்டியிருக்குல்லா" என்றார்.

அன்று காலையில் கோமதியை மரத்தடியில் உட்கார வைத்து, அக்கா அவள் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். பாதரசம் ஏறியது ஜன்னலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அக்கா சொன்ன அளவு முந்தின தடவையைவிடவும் அதிகம்.

"மண்டையிடி தாங்கல டாக்டரம்மா" என்றாள் கோமதி. "கண்ணு முன்னால மின்மினிப் பூச்சி பறக்க மாரி இருக்கு."

சிறுநீரைப் பார்க்கச் சொன்னேன். அக்கா அவளுடைய சிறுநீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, விளக்கில் காட்டிச் சூடாக்கி, ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். அதில் புரதம் அவித்த முட்டை வெள்ளைபோலத் திரண்டிருந்தது. இனி எந்த நேரமும் வலிப்பு வரலாம். வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உத்தரவாதம் இல்லை. எங்களிடம் ஆப்பரேஷன் வசதியும் கிடையாது, ரத்தமும் கிடையாது.

"ஆவுடையம்மா, இன்னைக்கே போகணும். இப்பமே போகணும்."

ஆவுடையம்மாளுக்கு அம்மை வந்து போன உடம்பு. ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார். அன்றைக்குத்தான் அந்தக் குரல் தணிந்து கேட்டேன்.

"எங்க அக்கா ஒருத்தி இருந்தா. பெரியம்மை வந்த காலம். ஊரு கட்டியிருக்கையில எல்லையத் தாண்டி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா. திரும்பி வந்தது அவ சேலை மட்டுந்தான். நீங்க படிச்சவிய, ஆயிரம் சொல்லுவிய. இந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் எம் மவனுக்கு என்ன பதில் சொல்ல?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்துத்தான் அத்தனை நாள் அவரோடு மல்லுக்கட்டினேன். அவரும் என்னைப் போலவே பயந்துபோய்த்தான் இருந்தார். இருவருக்கும் ஒரே பெண்ணைப் பற்றித்தான் பயம்.

மற்ற நாளாக இருந்தால் கத்தியிருப்பேன், எனக்கு முன்கோபம் உண்டு. அன்றைக்குத் தொண்டைக்குள்ளும் கொப்புளம், கத்த முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"எனக்கு நுங்கு வேண்டாம், இளநி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கோமதியப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. இது ஒண்ணுதான் கேக்குதேன்."

மரத்தடியில் ஒரு சலசலப்பு. யாரோ ஒரு பெண், "ஆத்தா கேட்டுட்டா" என்றாள். "கேட்டுட்டால்லா" என்றது இன்னொரு குரல்.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. சத்தியமாக அதை நினைத்து நான் கேட்கவில்லை. கேட்டது இந்த டாக்டர்தான், ஆத்தாள் இல்லை என்று திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். கோமதி இரண்டு கையாலும் நெற்றியை அழுத்திக்கொண்டு மரத்தில் சாய்ந்திருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஆவுடையம்மாள் இன்னும் கிட்டே வந்தார். ஒரு வருஷமாக என்னை நீங்கள் என்று கூப்பிட்டவர், கையைக் குவித்துக்கொண்டு, "ஆத்தா, நெசமாத்தான் கேக்கியா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

தலையை விரித்து ஆட வேண்டிய அவசியமெல்லாம் வரவில்லை. ஒரு வாரமாகச் சீப்பு படாத தலை, அது பாட்டுக்கு விரிந்துதான் கிடந்தது.

கயிற்றைத் தூக்கியவர்

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வலிப்பைத் தடுக்கக் கையிருப்பில் இருந்த ஊசியைப் போடச் சொன்னேன். ஜெபக்கனி அக்கா ஆஸ்பத்திரி போனில் அம்பைக்குக் கூப்பிட்டு, வாடகைக் கார் வைத்திருந்த காதர் அண்ணாச்சியை வரச் சொன்னார். வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் கோமதியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பைய ஓட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனார்கள்.

அங்கே நடந்ததை அக்கா பின்னால் நடித்தே காட்டினார். கயிற்றுக்குக் காவல் இருந்த ஊர்த் தலைவர் தூக்க மாட்டேன் என்றாராம். ஆத்தாள் கேட்டாள் என்பதற்கு என்ன அத்தாட்சி?

"அப்பம் நீரே போயிக் கேட்டுட்டு வாரும்" என்றாராம் ஆவுடையம்மாள், பழைய குரலில். "ஆத்தா முத்துப் போட்டுட்டு நிக்கா அங்கன. கேட்டத எவன் தடுக்கான்னு அவ பாத்துக்கிடுவா. நாளைக்கு உமக்கு மேலெல்லாம் முத்துப் போட்டா எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது."

தலைவருக்கு அதுவரை அம்மை வந்ததில்லை. அவரே கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அந்தப் பக்கம் காதர் அண்ணாச்சி காரில் பின்சீட்டைத் தட்டித் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். "அல்லா காப்பாத்துவான், ஏறுங்கம்மா" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

அக்காவும் கூடப் போய்விட்டார். எனக்கு அன்றைய பொழுது போகவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு, அதைவிட மனசில் அரிப்பு. கோமதிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எல்லையைத் தாண்டியதால்தான் செத்தாள் என்பார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரிலிருந்து ஒரு கர்ப்பிணி கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டாள். ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஊரையே பணயம் வைத்துவிட்டேனோ என்று இருந்தது. கடவுளை அவ்வளவாகக் கூப்பிடாத நான் அன்றைக்கு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், ஜெபக்கனி அக்காவின் சாமி உள்பட.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி போன் அடித்தது. எடுக்க ஆள் இல்லை. அம்மை கண்டவர் வாசல்படி தாண்டக் கூடாது என்பதை எல்லாம் மறந்து, நைட்டியோடு முற்றத்தில் ஓடினேன். மரத்தடியில் இருந்தவர்கள், ஆத்தாள் ஓடி வருகிறாள் என்று பதறி எழுந்து, இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கும்பிட்டார்கள்.

"ஆப்பரேசன் டாக்டர்" என்றது அக்காவின் குரல். "பொம்பளப் புள்ள. ரெண்டுவேரும் நல்லா இருக்காவ."

"வலிப்பு வந்துச்சா?"

"தியேட்டருக்குள்ள கொண்டுபோகையில லேசா வெட்டுச்சு. சுத்தி அத்தன டாக்டர் நின்னதுனால சமாளிச்சுட்டாவ. வீட்ல இருந்திருந்தா..."

போனை வைத்துவிட்டு வாசலில் நின்று, "பொம்பளப் புள்ள!" என்று கத்தினேன். தொண்டைப் புண் எங்கே போனதென்று தெரியவில்லை. மரத்தடியில் குலவைச் சத்தம் எழுந்தது. சந்தோஷத்தில் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆவுடையம்மாளின் கேள்வி

அம்மை இறங்கி எனக்குத் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, கயிற்றை அவிழ்த்து, கம்பவுண்டர் வேறு வழியில்லாமல் வேலைக்கு வந்து சேர்ந்து, ஆற்றில் புதுத் தண்ணீரும் வந்தாயிற்று. செருப்பை வெளியே விட்டு வந்தவர்கள் மறுபடியும் செருப்போடு வந்து ஊசி கேட்டார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை வரிசையில் ஆவுடையம்மாள் நின்றார். பின்னால் அவருடைய இளைய மருமகள், தலையைக் குனிந்துகொண்டு.

"இவளும் முழுகாம இருக்கா" என்றார். "ஆத்தா மறுபடி உங்களுக்கு எப்பம் வருவா?"

நான் சிரிக்கவில்லை, அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. சாமி விஷயத்தில் ஏற்கெனவே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டவள், இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"வரமாட்டா, ஆவுடையம்மா. இது ஒருத்தருக்கு ஒரு தடவதான் வரும். இனிமே என்ன சொன்னாலும் நான்தான் சொல்லுவேன். வேற யாரும் இல்ல."

ஆவுடையம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் அந்த முதல் கொப்புளம் விட்டுப்போன தழும்பில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மருமகளை முன்னால் தள்ளி, என் எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நீங்க சொன்னாப் போதும்" என்றார். "காதர் அண்ணாச்சிகிட்ட எந்த மாசம் காரு வேணும்னு சொல்லட்டும்?"

மாதக் கணக்குப் பார்க்கக் காலண்டரை எடுத்தேன். அதற்குள் ஜெபக்கனி அக்கா முந்திக்கொண்டு, "மொதல்ல எடை பாப்போம், வா தாயி" என்று அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார்.